டிராக்டர் கேள்வி–பதில்: எஞ்சினை இறக்குமுன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் பழைய மெஸி பெர்குசன் 135 காலையில் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட் ஆகிவிட்டால் வெள்ளைப் புகை, வேலை தொடங்கினால் நீலப் புகை. ஒயிலும் குறைகிறது. கராஜில் ரிங், பிஸ்டன், ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இன்னும் முடிவெடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் ஒயில். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக் பார்ப்பது நம் பக்கத்தில் பெரிய வழக்கம். முன்பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் அளவு பொய் சொல்லும். குறைவு என்று நினைத்து மேலே மேலே ஊற்றினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அந்த ஒயிலை அடித்துச் சிலிண்டருக்குள் ஏற்றும், நீலப் புகை வரும். மட்டமான தரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒயில் ஊற்றும் வகை ஏர் கிளீனர் என்றால் அதன் கிண்ணத்தையும் கழற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஒயில் இருந்தால் எஞ்சின் அதையும் உறிஞ்சும்.

இனிப் புகை. குளிரில் கண் எரிகிற வெள்ளைப் புகை, எரியாத டீசல். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது இன்டேக் மெனிஃபோல்டில் இருக்கும் தெர்மோஸ்டார்ட் ஹீட்டர். சாவியை ஹீட் நிலையில் பதினைந்து, இருபது விநாடி பிடித்தால் மெனிஃபோல்டில் அந்த இடம் கையில் சூடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொயில் எரிந்திருக்கும், அல்லது அதற்கு வரும் டீசல் குழாய் அடைத்திருக்கும். நீலப் புகையில் கவனிக்க வேண்டியது நேரம். நீண்ட இறக்கம் இறங்கி வந்து அக்சிலரேட்டரை மிதித்ததும் ஒருமுறை கக்கிவிட்டு நின்றால் வால்வ் கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) பக்கம் சந்தேகப்படுங்கள். ஏற்றத்தில் பாரம் இழுக்கும் நேரம் முழுக்க வந்தால் ரிங்.

அடுத்தது, டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நோசில். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நோசில் குழாயின் நட்டையும் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டரில்தான் கோளாறு. துணியால் மூடிக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வருகிறது. கையில் ஏறினால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று நோசிலையும் கழற்றி டெஸ்ட்டரில் போட்டால் புகையாகத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். சொட்டுகிற நோசில் ஒன்று போதும், நல்ல எஞ்சினையும் தேய்ந்த எஞ்சின் மாதிரிக் காட்ட.

கடைசியாகக் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம். பெட்ரோல் கேஜ் உதவாது, டீசல் கேஜ் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, டீசலை நிறுத்திவிட்டு எடுங்கள். மலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இங்கேதான் வருகிறது. புத்தகங்களில் இருக்கும் எண் கடல்மட்டத்துக்கானது. அங்கே 400 பி.எஸ்.ஐ. காட்டும் அதே எஞ்சின், காற்று மெலிந்திருப்பதால் உங்கள் ஊரில் சுமார் 345, நுவரெலியாவில் 320 அளவில்தான் காட்டும். அது தேய்மானம் இல்லை. மூன்றும் இதைவிட நன்றாகக் குறைந்தால், அல்லது சிலிண்டர்களுக்கு இடையில் 50க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள். கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வ் என்பது கணக்கு. டீசல் எஞ்சினில் இதை நிதானமாகச் செய்யுங்கள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடமே 50 சி.சி. அளவுதான். ஒரு தேக்கரண்டி ஒயிலே அதில் பத்தில் ஒரு பங்கை அடைத்து, எண்ணைத் தானாகவே உயர்த்திவிடும். அதனால் சின்ன ஏற்றத்தை நம்பாதீர்கள், பெரிய ஏற்றம் மட்டுமே சாட்சி. அளவில்லாமல் ஊற்றினால் கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பி) வளையலாம்.

ஓடும்போது பிரீதர் குழாயிலிருந்து (எஞ்சினின் மூச்சுக் குழாய்) புகை விடாமல் தள்ளுகிறது, மூன்று சிலிண்டரும் குறைவு, பாரத்தில் நீலப் புகை. இந்த மூன்றும் சேர்ந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் நோசிலோடும் வால்வ் வேலையோடும் முடியும்.

கேள்வி: கொழும்பில் டீசல் பம்ப் சர்விஸ் செய்த பிறகு கோவாத் தோட்டத்து ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுகிறது. பவரும் இல்லை. டீசலைக் கூட்டலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: கூட்டவே வேண்டாம். 1868 மீற்றர் உயரத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்று கடல்மட்டத்தைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக் காற்றுக்கு அளந்து வைத்த டீசல் இங்கே மிச்சமாகி, கரியாக வெளியேறுகிறது. ஏர் கிளீனரும் நோசிலும் சுத்தம் என்றால், பம்பைத் திரும்ப டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அதிகபட்ச டீசல் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். வண்டி எங்கே ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். சீல் உடைத்து நீங்களே திருகிக் கூட்டினால் பிஸ்டன் தலை உருகலாம். கழற்றும்போது பம்ப் ஃபிளேஞ்சிலும் டைமிங் கேஸிலும் இருக்கும் கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து வையுங்கள். பூட்டும்போது அதே கோட்டில் நிற்க வேண்டும்.

கேள்வி: புது ஹெட் கேஸ்கட் போட்டும் நீடிப்பதில்லை. ரேடியேட்டரும் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: தெர்மோஸ்டாட்டை (தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வ்) திரும்பப் போடுங்கள். அது இல்லாமல் எஞ்சின் குளிர்ந்தே ஓடி, ஒயிலில் டீசல் கலந்து, ஸ்லீவ் சீக்கிரம் தேயும்.

கொதிப்புக்கு உயரமும் ஒரு காரணம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், உங்கள் ஊரிலும் 100க்குப் போகாது. அந்தக் குறையை ஈடு செய்வது அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிதான். ரப்பர் செத்த மூடியோடு நல்ல எஞ்சினும் கொதிக்கும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி விடாமல் வந்தால் சிலிண்டர் காஸ் தண்ணீரில் ஏறுகிறது.

ஹெட்டைக் கழற்றியதும் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். குறுக்காக 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் ஹெட்டை லேத்தில் கொடுக்க வேண்டும். பிளாக்கின் மேல்முகத்தையும் அப்படியே பாருங்கள், அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஸ்லீவ் விளிம்பின் உயரத்தை டயல் கேஜால் நாலு பக்கமும் எடுங்கள்; ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தால் அந்த இடத்தில்தான் கேஸ்கட் திரும்பத் திரும்ப எரிகிறது. ஸ்டட் துளைகளில் தேங்கிய ஒயிலைத் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவையாக டோர்க் ரெஞ்சில் இறுக்குங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மறுபடி இறுக்கி, வால்வ் இடைவெளியையும் சரிபாருங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் அது 0.30 மி.மீ.

கேள்வி: கிராங்க் கீறியிருக்கிறது. பொலிஷ் போட்டு ஸ்டாண்டர்ட் பெயரிங் போடலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: நகம் மாட்டுகிற கீறல் என்றால் கூடாது. மைக்ரோமீற்றரால் ஒவ்வொரு ஜேர்னலையும் (பெயரிங் பிடிக்கும் பகுதி) இரண்டு திசையில் அளந்து, பத்து, இருபது, முப்பது சைஸில் (அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) எது கீறலைத் தாண்டுகிறதோ அந்த அளவுக்கு அரையுங்கள். மூலையில் இருக்கும் வளைவைக் கூர்மையாக்கிவிட வேண்டாம் என்று லேத்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிராங்க் உடைவது அங்கேதான். அரைத்து வந்ததும் ஒயில் துளைகளை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள். உள்ளே மிஞ்சிய அரைதூள் புதுப் பெயரிங்கை முதல் நாளே தின்றுவிடும்.

கேள்வி: எஞ்சின் கட்டி முடிந்தது. முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன கவனிக்க வேண்டும்? ஐடிலில் எத்தனை மணி நேரம் விட வேண்டும்?
– வாசகர், கெப்பெட்டிப்பொல

பதில்: ஐடிலில் விடவே கூடாது. புது ரிங் பதிய அழுத்தம் வேண்டும். சும்மா ஓடினால் ஸ்லீவ் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி, ஒயில் குடிக்கும் பழக்கம் அப்படியே நின்றுவிடும்.

ஒயில் ஃபில்டரில் ஒயில் நிரப்பிப் பூட்டி, முதலில் டீசல் ஃபில்டரிலும், அடுத்து பம்பில் இருக்கும் இரண்டு திருகுகளிலும் காற்று எடுங்கள். பிறகு டீசலை நிறுத்திய நிலையில் ஸ்டார்ட்டரைச் சிறுசிறு இடைவெளியில் சுற்றி, பிரஷர் கேஜ் ஏறும் வரை பாருங்கள்; கடைசியாக நோசில் நட்டுகளில் காற்று எடுங்கள். டீசல் பம்புக்கு டீசல்தான் லூப்ரிகேஷன், காய்ந்து சுற்றினால் கடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் தண்ணீர் சூடாகும் வரை நடு வேகத்தில் விட்டு, அன்றைக்கே பாதிப் பாரத்தில் வேலைக்கு இறக்குங்கள். ஏற்றத்தில் கீழ் கியரில் போங்கள், மூச்சுத் திணற இழுக்க வைக்காதீர்கள். சூடேறிய பின் முழு வேகத்தில் ஒயில் பிரஷர் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். முதல் 25 மணி நேரத்தில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.