உயரம் குறைந்த பையன் பேஸ்பாலில் தேறுவானா?

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளி பேஸ்பால் அணியில் ஆடுகிறான். உடன் ஆடும் பிள்ளைகளைவிட உயரம் குறைவு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து வேலியைத் தாண்டவில்லையே என்று மனமுடைந்து, அணியை விட்டு விலகப் போவதாகச் சொல்கிறான். அவன் விருப்பப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போதே விலக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனுக்கு அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் வில்லி கீலரின் கதை தெரிய வேண்டும். 1872ஆம் ஆண்டு புரூக்ளினில் பிறந்த அவருடைய உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்தைச் சற்றே தாண்டியது. எடை அறுபத்து மூன்று கிலோ அளவில்தான் இருந்தது. ஆயினும் 1897இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக ஆடியபோது, பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கித் தொடர்ந்து 44 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தவறாமல் 'ஹிட்' அடித்து (அதாவது, பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் ஒரு தளத்தை எட்டி; ஆட்டக்காரர்கள் ஓடிச் சேர வேண்டிய இடங்களே தளங்கள்), அந்த ஆண்டை .424 என்ற சராசரியோடு, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 424 ஹிட் என்ற கணக்கில், முடித்தார். அந்தத் தொடர் சாதனையை 1941இல் ஜோ டிமாஜியோ என்ற ஆட்டக்காரர் வந்துதான் முறியடித்தார்.

இதை அவர் சாதித்த விதம்தான் உங்கள் மகனுக்குப் பயன்படும். சிறிய மட்டையின் பிடியை நன்றாக மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடக்கை ஆட்டக்காரராக நின்று, எதிரணியினர் பந்தை வீசுவதற்கு முன்பே களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். மூன்றாம் தளத்தைக் காக்கும் எதிரணி ஆட்டக்காரர் பின்னால் நின்றால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுவார். அவர் முன்னேறி வந்தால் தலைக்கு மேலாகத் தூக்கிவிடுவார். சில வேளைகளில் தமக்கு முன்னாலிருந்த கெட்டியான தரையிலேயே பந்தை ஓங்கிக் குத்துவார். அது எகிறிக் கீழே வருவதற்குள் முதல் தளத்தில் நிற்பார். "கண்ணைத் தெளிவாக வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத இடத்தில் அடி" என்பதே அவர் சொன்ன வழி. 1898இல் அவர் அடித்த 216 ஹிட்டுகளில் 206 முதல் தளம் வரை மட்டுமே கொண்டுசேர்த்தவை. ஒரே பருவத்தில் அத்தகைய 206 ஹிட்டுகள் என்ற எண்ணிக்கையை 2004இல் இச்சிரோ சுசுகி என்ற ஆட்டக்காரர் கடக்கும்வரை எவரும் தாண்டவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கீலர் காலத்துப் பந்து இன்றைய பந்தைப் போல் வெகுதூரம் பறக்காது. ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வரும் 'ஹோம் ரன்' எல்லோருக்குமே அரிதாக இருந்தது, அவர் தம் வாழ்நாளில் அடித்தவையே 33தான். இன்று வலுவான அடிக்கு மதிப்பு மிகுதி என்பதால், அவருடைய முறை ஒன்றை மட்டும் நம்பி உங்கள் மகன் பெரிய நிலைக்கு உயர்வான் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் பள்ளி அணியில் அடிக்கடி தளத்தை எட்டும் ஆட்டக்காரனை எந்தப் பயிற்சியாளரும் விரும்புவார். பந்தைத் தட்டிவிடும் பயிற்சிக்கும், எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும் பயிற்சிக்கும், முதல் தளம் வரையிலான ஓட்டத்துக்கும் நேரம் ஒதுக்கித் தருமாறு பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். ஒரு பருவம் அப்படி ஆடிய பிறகும் அவனுக்கு மனம் ஒட்டவில்லையென்றால், அப்போது விலகட்டும், தடுக்காதீர்கள்.