எங்கள் நிறுவனத்தின் கார்பன் உமிழ்வை ஈடுசெய்ய எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

தரகர் காட்டும் பட்டியலில் விலை குறைந்த கார்பன் கிரெடிட்டை வாங்கினால் போதுமா, இல்லையென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நடுத்தர ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் இருப்பவர் என்றும், வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய படிவத்தை நிரப்பவேண்டிய நெருக்கடியில் கேட்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் பிரிவைக் கவனித்துவரும் எனக்கு இதே கேள்வி வந்தது. அப்போது நான் எடுத்த நிலைப்பாட்டுக்காக அலுவலகத்தில் பலருடைய அதிருப்தியைச் சம்பாதித்தேன். இன்றும் அந்த நிலைப்பாட்டில்தான் இருக்கிறேன்.

எங்களிடம் வந்த தரகரின் பட்டியலில் தென்மாவட்டக் காற்றாலைகள், ஆப்பிரிக்க நாடொன்றில் விறகைக் குறைவாக எரிக்கும் புதிய அடுப்புகளைக் கொடுக்கும் திட்டம், ஒரு காடு பாதுகாப்புத் திட்டம், கர்நாடகக் கிராமங்களில் வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் அமைக்கும் திட்டம் ஆகியவை இருந்தன. இவற்றுள் காற்றாலையே மிக மலிவு. "நம்ம பக்கத்துக் காத்தாடிதானே தம்பி, கண்ணாலயே பாத்துக்கலாம், வெலையும் கம்மி" என்றார் எங்கள் முதலாளி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கார்பன் கிரெடிட் என்பது, நீங்கள் கொடுக்கும் பணம் இல்லாவிட்டால் நடந்திருக்காத ஓர் உமிழ்வுக் குறைப்புக்கான சான்று. காற்றாலை சுழல்கிறதா என்பதை நேரில் போய்ப் பார்க்கலாம். கிரெடிட் பணம் இல்லாமல் அது நடப்பட்டிருக்காதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் விடை ஓரளவு தெரியும். முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பகுதிகளில் நூற்பாலைகள் காற்றாலை நட்டதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. 1990-களில் முதலீடு முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அந்த விகிதம் 80 சதவீதமாகி, 2017-இல் 40 சதவீதமானது. காற்று வீசும் மாதங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து, பிறகு எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதியும் இருந்தது. மின்வெட்டுக் காலத்தில் சொந்த மின்சாரம் வைத்திருந்த ஆலைதான் தாக்குப்பிடித்தது. இத்தனை காரணங்களுக்கும் பிறகு கார்பன் கிரெடிட்டில் வரும் சிறு தொகைதான் அந்த முடிவைத் தீர்மானித்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. திட்ட ஆவணம், கிரெடிட்டுகளைப் பதிவுசெய்து கணக்குவைக்கும் பதிவேட்டின் இணையதளத்தில் எவரும் படிக்கும்படி இருக்கிறது. தரகர் பரிந்துரைத்த காற்றாலைத் திட்டத்தின் ஆவணத்தைப் படித்தபோது, வரிச்சலுகையையும் மின்கட்டணச் சேமிப்பையும் பற்றி அதில் இருந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

காற்றாலைக்கு நான் எதிரானவன் அல்லன். எங்கள் ஆலையே காற்றாலை மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது, அதனால் நிலக்கரி மிச்சமாகிறது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அந்த நன்மையை இன்னொருவர் தம் கொதிகலன் புகைக்கு ஈடாகக் கணக்கெழுதலாமா என்பதே என் கேள்வி. இது என் தனிப்பட்ட பிடிவாதமும் அன்று. வளர்ச்சி குறைந்த நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் மின்கட்டமைப்புடன் இணைந்த புதிய காற்றாலை, சூரிய மின் திட்டங்களைப் பதிவுசெய்வதை, கிரெடிட் திட்டங்களுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பு 2020-இலேயே நிறுத்திவிட்டது. சந்தையின் தரத்தைக் கண்காணிக்கும் ஐ.சி.வி.சி.எம். என்னும் பன்னாட்டு அமைப்பும், அப்போது புழக்கத்தில் இருந்த புதுப்பிக்கத்தக்க மின் திட்டக் கணக்கீட்டு முறைகளுக்குத் தன் தரமுத்திரை கிடையாது என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது.

அடுப்புத் திட்டங்களில் சிக்கல் வேறு. புதிய அடுப்பு கொடுத்த வீட்டில் பழைய விறகடுப்பும் கூடவே எரிந்தால் சேமிப்பு பாதியாகக் குறையலாம். ஆனால் கணக்கில் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். தாங்கள் ஆராய்ந்த அடுப்புத் திட்டங்கள் உண்மையான குறைப்பைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு கிரெடிட் பெற்றிருந்தன என்று பெர்க்லி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டனர். காடுகளில், மரங்கள் சேர்த்துவைத்த கார்பன் நிலைத்திருக்குமா என்ற கேள்வி எழுகிறது: 2021-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பரவிய பூட்லெக் காட்டுத்தீ, கிரெடிட் விற்கப்பட்ட காட்டுப் பகுதிகளையும் எரித்தது.

சாண எரிவாயுத் திட்டத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கண்காணிப்பு அறிக்கைதான். மாடுகளை விற்றுவிட்ட வீடுகள், பழுதாகிப் பயன்படாத கலன்கள், விறகையும் சேர்த்து எரிக்கும் குடும்பங்கள் என்று ஒவ்வொன்றையும் அந்த அறிக்கை தனித்தனியாகக் கழித்துக் காட்டியிருந்தது. குறைகளே இல்லாத அறிக்கையைவிட இப்படிக் கழித்துக்காட்டும் அறிக்கையை நான் நம்புவேன். பிறகு அந்தக் கிராமங்களுக்கு நேரில் சென்று, திட்டக்காரர்கள் காட்டிய வீடுகளை விட்டுவிட்டு நாங்களே தேர்ந்தெடுத்த வீடுகளில் கேட்டோம்; அறிக்கையும் வீட்டுப் பெண்கள் சொன்னதும் பொருந்தின. இவ்வளவு செலவழித்து வாங்கியும் அளவு சிறியதுதான் என்று குறைகூறுவோர் உண்டு. அது சிறிய அளவில் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதியை முதலில் எங்கள் சாயப்பட்டறையின் நீராவிக் குழாய்களுக்கு வெப்பக்காப்புப் போடவும், குளிர்ந்து நீராகும் நீராவியை மீண்டும் கொதிகலனுக்குத் திருப்பவும் செலவிட வேண்டும் என்று நான் வலியுறுத்தினேன். அதில் மிச்சமாகும் எரிபொருள் எங்களுடையது, அதைப் பற்றி எவரும் ஐயுற முடியாது.

இதைச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு டி-சர்ட்டுக்குச் சில காசுகள் கூட்டிக் கேட்டால் மாதக்கணக்கில் பேரம் பேசும் வாங்குநர்கள், கார்பன் கணக்கு என்று வந்தால் முழுச் செலவையும் ஆலையின்மேல் ஏற்றுகிறார்கள். எங்கள் துணியின் உமிழ்வு அவர்களுடைய மூன்றாம் வட்டக் கணக்கிலும், அதாவது பொருள் தருவோர் போன்ற வெளியாரிடம் நிகழும் உமிழ்வைச் சேர்க்கும் ஸ்கோப் 3-இலும் வருகிறது. ஆகவே செலவைப் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்பதில் தவறில்லை. நாங்கள் கேட்டோம், இதுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் கேளுங்கள், பலர் கேட்டால்தான் ஏதாவது நடக்கும்.

வாங்குவது என்று முடிவுசெய்தால், தரகர் தரும் அழகான சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கிரெடிட்டின் வரிசை எண்ணும், குறைப்பு நிகழ்ந்த ஆண்டும், மறுபடி எவருக்கும் விற்க முடியாதபடி உங்கள் நிறுவனத்தின் பெயரில் அது நிரந்தரமாக ரத்துசெய்யப்பட்ட பதிவும் பதிவேட்டில் தெரிய வேண்டும். தெரிந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். துணியின் அட்டையில் "கார்பன் சமநிலை" என்று அச்சிடவும் வேண்டாம். ஈட்டுக் கிரெடிட்டை மட்டும் காட்டி ஒரு பொருளை அப்படி அழைப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் தடைசெய்கிறது. அது 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருவதாக விதிக்கப்பட்டுள்ளது.