வாசகர் கேள்விகள்: வெர்வெட், புஷ்பேபி, பபூன்

கேள்வி: பகலில் எங்கள் மாமரத்தில் சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டமாக வருகின்றன. இரவில் அதே மரத்தில் பச்சைக்குழந்தை அழுவதுபோல் சத்தம் கேட்கிறது. அதுவும் குரங்குதானா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: குரங்கு இல்லை; குரங்கின் தூரத்து உறவு. பகலில் வருவது வெர்வெட். இரவில் கத்துவது அடர்ந்த வால் உள்ள பெரிய புஷ்பேபி. நம்மையும் சேர்த்து எல்லாமே பிரைமேட் வரிசைதான். ஆனால் இவை இரண்டின் கிளைகளும் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன.

அடையாளம் மூக்கில் இருக்கிறது. புஷ்பேபியின் மூக்கு நுனி நாய்க்கு இருப்பதுபோல் ஈரமானது. வெர்வெட்டின் மூக்கு நம்முடையதைப்போல் உலர்ந்தது. ஈரமூக்குக் கிளையில் மடகாஸ்கரின் லெமூர், ஆசியாவின் தேவாங்கு, ஆப்பிரிக்காவின் புஷ்பேபி எல்லாம் அடங்கும். திண்டுக்கல், கரூர் பக்கத்துக் காடுகளில் வாழும் தேவாங்குக்காக 2022இல் கடவூரில் சரணாலயம் அறிவித்தார்களே, அதற்கும் உங்கள் மாமரத்துப் புஷ்பேபிக்கும் நெருங்கிய உறவு. தேவாங்கு கிளையைப் பிடித்துப் பிடித்து மெல்ல நகரும். புஷ்பேபியின் கணுக்கால் எலும்புகள் நீண்டவை, அதனால் தாவும்.

டார்ச் அடித்தால் புஷ்பேபியின் கண் தகதகவென்று மின்னும். விழித்திரைக்குப் பின்னாலுள்ள ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதே காரணம். கீழ்வரிசையின் முன்பற்கள் ஆறும் சீப்புபோல் நெருங்கி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மயிர் கோதவும் மரப்பிசினைச் சுரண்டவும் அவைதான் கருவி. காலின் இரண்டாம் விரலில் மட்டும் கூர்நகம், மற்ற விரல்களில் தட்டை நகம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் தென்கிழக்காசியாவின் டார்சியர். உருவம் சிறியது, இரவில்தான் நடமாட்டம், பெரிய கண்; பார்த்தால் புஷ்பேபி கூட்டம் என்றே தோன்றும். ஆனால் மூக்கு உலர்ந்தது, கண்ணில் அந்தப் படலமும் கிடையாது. இருட்டில் பார்க்க வேறு வழியில்லாமல்தான் கண் அவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. அது குரங்குகள் இருக்கும் கிளையைச் சேர்ந்தது.

கேள்வி: பபூனை 'ஏப்' (ape; கொரில்லா, சிம்பன்சி வகை) என்று எழுதியதற்கு என் மகனுக்கு ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. சரியா?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சரிதான். எவ்வளவு பெரிதானாலும் பபூன் குரங்குதான், வாலும் உண்டு. ஏப்புக்கு வால் கிடையாது; ஆனால் வாலை மட்டும் நம்ப வேண்டாம். ஜிப்ரால்டரின் பார்பரி குரங்குக்கு வால் தெரியாது, ஆனாலும் அது ஏப் அல்ல. தோளைப் பாருங்கள். ஏப்புக்குத் தோள்பட்டை எலும்பு முதுகுப்புறம் இருப்பதால் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடியும். குரங்குக்கு அது மார்பின் பக்கவாட்டில் இருக்கிறது. கிப்பன், உராங்உட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ, மனிதன் ஆகியோரே ஏப்கள். மனிதனைத் தவிர வேறெந்த ஏப்பும் தென்னாப்பிரிக்கக் காடுகளில் இல்லை. வாலால் கிளையைப் பற்றித் தொங்கும் குரங்குகள் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உண்டு.

கேள்வி: வெர்வெட் சமையலறைக்குள் புகுந்துவிட்டால்?
- வாசகி, டொங்காட்

பதில்: வெளியேறும் வழியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். வாசலை மறித்தாலோ கண்ணோடு கண் பார்த்தாலோ அது மிரட்டலாக எடுத்துக்கொண்டு கடிக்கும். கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். பழக்கூடையை ஜன்னலுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். ஒருமுறைகூடச் சோறு போடாதீர்கள்.