வெனிசுவேலாவிலிருந்து மக்கள் வெளியேறியதற்குக் காரணம் பொருளாதாரமா, அரசியலா?

இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனாலும் முதலில் வந்தது அரசியல் என்பேன். 2002-03இல் அப்போதைய அதிபர் சாவேஸுக்கு எதிராக எண்ணெய்த் துறையில் வேலைநிறுத்தம் நடந்தது. அது முடிந்ததும் அரசு எண்ணெய் நிறுவனம் சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அனுபவமுள்ள பொறியாளர்கள் பலர் கொலம்பியா, கனடா என்று விமானம் ஏறிவிட்டார்கள்.

அப்புறம் 2014இல் எண்ணெய் விலை சரிந்தது. அப்போது நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய்தான். டாலர் வற்றியதும் மருந்து, சோள மாவு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அரசு நோட்டடித்துச் சமாளிக்கப் பார்த்தது; விலைவாசி சம்பளத்தை விழுங்கியது. 2017இல் எதிர்க்கட்சிகள் கையிலிருந்த நாடாளுமன்றத்தை, சாவேஸுக்குப் பின் அதிபரான மதுரோவின் அரசு ஓரங்கட்டியது. ஓட்டுப் போட்டு மாற்றலாம் என்ற நம்பிக்கையும் பலருக்குப் போயிற்று. 2019இன் அமெரிக்க எண்ணெய்த் தடை நிலைமையை மோசமாக்கியது உண்மைதான், ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தடையை மட்டும் பழிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்த முறை கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஆண்டிஸ் மலைப்பாதையில் நடந்தே போனவர்கள் ஏராளம். நாட்டை விட்டுப் போனவர்கள் மொத்தம் 70 லட்சத்துக்கு மேல். அதிகம் பேர் தங்கியது பக்கத்திலுள்ள கொலம்பியாவில். 2021இல் அந்நாடு அவர்களுக்குப் பத்தாண்டு தங்கும் அனுமதியும் அறிவித்தது.