அப்பாவை எங்கே காணோம்?

அன்புள்ள அம்மா,

வணக்கம். காட்பாடியில் இருந்து எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். காதல், பாட்டு, சிரிப்பு மூன்றும் கலந்த படம். காட்பாடி ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டும் பையன், குடியாத்தத்தில் இருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு பெண்ணிடம், தனக்கு லண்டனில் வேலை என்றும், லீவில் வந்த இடத்தில் நண்பனின் ஆட்டோவைச் சும்மா ஓட்டிப் பார்ப்பதாகவும் சொல்லிவிடுகிறான். காதல் வருகிறது. இடைவேளையில் பொய் உடைகிறது. பிரிவு. கடைசியில் பிளாட்பாரத்தில் ஒரு பாட்டு, சேர்ந்துவிடுகிறார்கள்.

திரைக்கதை பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் மூன்று அங்கம் என்கின்றன. நமக்கு இடைவேளை இருப்பதால் இரண்டாகத்தான் உடைகிறது. எது சரி? பாட்டு எத்தனை, எங்கெங்கே வைப்பது? ஆள்மாறாட்டக் கதையே வெளிநாட்டுச் சரக்கு என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இந்தக் காலத்தில் இது எடுபடுமா? திரைக்கதையை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முழுவதும் படித்தேன். உங்களுக்குப் பேச்சு நன்றாக வருகிறது. ஆட்டோ ஸ்டாண்டில் பையன்கள் ஒருவரை ஒருவர் ஓட்டுகிற இடம் அசல் நம்மூர். அதைச் சென்னைத் தமிழாக்கிவிடாமல் விட்டீர்களே, அதற்கே ஒரு டீ வாங்கித் தரலாம். சமீபமாகப் பழைய சிரிப்புப் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. இல்லாவிட்டால் இத்தனை நீளத்துக்குப் பதில் எழுத மாட்டேன்.

மூன்று அங்கமா இரண்டு அங்கமா என்பதை விடுங்கள். இடைவேளை கேண்டீன்காரர் பிழைப்பு. அந்தக் காலத்து டெண்ட் கொட்டாயில் புரொஜெக்டர் ஒன்றுதான். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள், முறுக்குக் கூடை உள்ளே வரும், தரை டிக்கெட் சனம் மணலைத் தட்டிவிட்டு எழுந்து நிற்கும். மூன்று நான்கு முறை அப்படி அறுத்துக் காட்டியும் நல்ல படம் நல்ல படமாகவே இருந்தது.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அந்தப் பெண்ணின் அப்பா எங்கே? குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கிறார் என்று தொடக்கத்தில் ஒரு வரி. அப்புறம் 47ஆம் பக்கத்தில் ஒரு போன். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறார், வைத்துவிடுகிறார். அவ்வளவுதான். சிரிப்புப் படத்தின் கதாநாயகனை ஒரே போனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

கதாநாயகன் என்று தெரிந்துதான் சொல்கிறேன். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' கதையைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் ரவிச்சந்திரனில் ஆரம்பிப்பார்கள். நான் பாலையாவில் ஆரம்பிப்பேன். அவர்தான் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள், பெரிய பணக்கார இடமாகப் பிடிக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை இல்லையென்றால் கதையே இல்லை. அவர் வேலையை விட்டு நீக்கிய பையன் ரவிச்சந்திரனே கோடீஸ்வரன் மகனாக வந்து நிற்கிறான். கோடீஸ்வரன் வேண்டுமே? நண்பன் முத்துராமனுக்குக் கிழவர் வேஷம் போட்டுக் கூட்டி வருகிறான். வந்த நண்பனுடைய காதலியும் அதே வீட்டுப் பெண். இனி அந்தக் கிழவர் எப்படி நடந்தாலும் சிரிப்பு வரும். எழுதியவர்கள் நகைச்சுவை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பாலையாவின் ஆசையே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிவிட்டது.

நாகேஷ் தன் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' படத்துக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியை எல்லோரும் நாகேஷுக்காகப் பார்க்கிறோம். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். சத்தம் எல்லாம் மகனாக வரும் நாகேஷ் வாயால் வருகிறது, பயம் முழுவதும் அப்பா முகத்தில் ஏறுகிறது. முதலில் அசட்டையாகக் கேட்கிற மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் மாட்டிக்கொள்கிறார். அவருக்கு எதையும் நம்பிவிடுகிற சுபாவம் என்பது அந்த ஒரு காட்சியில் நமக்குப் பதிந்துவிடுகிறது. கோடீஸ்வரன் கதையையும் அவர் நம்புவதில் நமக்கு ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று பாருங்கள். 1955இல் எல்.வி. பிரசாத்தின் 'மிஸ்ஸியம்மா'. பள்ளிக்கூடத்துக்குப் பட்டம் படித்த கணவன் மனைவி வேண்டும் என்று ஒரு ஜமீன்தார் தேடுகிறார். வேலை கிடைக்காத ஜெமினியும் சாவித்திரியும் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லி அந்த வேலையில் சேர்கிறார்கள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவே பிடிக்காது. பகலெல்லாம் நாடகம். ராத்திரி நிலாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறிப் புகார் சொல்கிறார்கள். 'வாராயோ வெண்ணிலாவே' அதுதான். வசனம் வருகிற இடமெல்லாம் பொய், பாட்டு வருகிற இடத்தில் உண்மை. பாட்டு எங்கே என்று கேட்டீர்களே, இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடைசியில் அந்த ஜமீன்தார் யார் என்று பார்த்தால், அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் தொலைத்துவிட்ட சொந்த அப்பா! ஏமாற்றப்பட்டவர் அப்பாவாகவே முடிகிறார். இதற்கு மேல் அப்பாவுக்கு மரியாதை செய்ய முடியாது. (பாட்டில் உண்மை என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உடனே ஞாபகம் வரும். 'காதலிக்க நேரமில்லை' தலைப்புப் பாட்டு, கிழவர் வேஷத்திலேயே பாடுவது. சரி, இருக்கட்டும். விதியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் மீறலாம்.)

1981இல் பாலசந்தர் எடுத்த 'தில்லு முல்லு'வில் பெண்ணின் அப்பாவாக வரும் தேங்காய் சீனிவாசன் மீசைக்காகப் பாடாய்ப் படுகிறாரே, அங்கேயும் இதே கணக்குதான். இந்திப் படத்தின் மறுபதிப்பு என்றாலும் அந்த அப்பா மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி இருப்பார்.

இப்போது உங்கள் பையனிடம் வருகிறேன். அவன் பொய் சொல்வது பெண்ணின் அப்பாவிடம் இல்லை, பெண்ணிடமே. படத்தில் பாதி நேரம் அவளை ஏமாற்றுகிறான். அவளைச் சிரிக்கவைக்கிறான், அவள் டிபன் பாக்ஸில் இருந்து சாப்பிடுகிறான், அவள் குடும்பக் கஷ்டம் எல்லாம் கேட்டுக்கொள்கிறான், எல்லாம் லண்டன்காரனாக. இது தமாஷா? காதலனும் காதலியும் ஒரு பக்கம் நின்று அப்பாவிடம் பொய் சொன்னால் கொட்டாயில் இருக்கிற சனம் மொத்தமும் அவர்கள் பக்கம் வந்துவிடும். அவளையே ஏமாற்றினால், ஒரு பெண் தனியாக நிற்கிறாள், அவளைப் பார்த்து மற்ற எல்லோரும் சிரிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் உடைந்ததும் மூன்று பக்கம் அழுகிறாள், பிளாட்பாரத்தில் பாட்டு வந்ததும் மன்னித்துவிடுகிறாள். என்ன சொல்லி மன்னித்தாள்? ஒரு வரியும் இல்லை. நன்றாகப் பேச்சு எழுதுகிறவர், அவளுக்கு மட்டும் ஏன் வாயைக் கட்டிவிட்டீர்கள்? 'அன்பே வா'வில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியிடம் தான் யார் என்பதை மறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். மறைக்கிறார். ஆனால் அது அவர் சொந்த பங்களா. வேலைக்காரன் நாகேஷ் அதை வாடகைக்கு விட்டுவிட்டதால், தன் வீட்டில் தானே காசு கொடுத்துத் தங்குகிறார். ஏமாந்த முதல் ஆள் அவரேதான். உங்கள் பையன் என்ன இழந்தான்?

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் பெரியம்மா பீடி சுற்றுவார். மடியில் முறம், ஈரத்துணியில் சுற்றிய இலை, ஒரு கத்தரி, அளவுக்குத் தகரத் துண்டு. இலையை வெட்டி, தூளைப் போட்டு, உருட்டி, நூல் கட்டி, முனையை மடித்துக் குத்துவது எல்லாம் கண் பார்க்காமலே நடக்கும். திண்ணையில் நான்கைந்து பேர் அப்படி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கொட்டாய்க்குப் போய்வந்தால் தெருவுக்கே படம் பார்த்த மாதிரி. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, அதனால் கதைக்காகக் கை நிற்காது. பெரியம்மா எந்தப் படத்தின் கதையைச் சொன்னாலும் "ஒரு ஊர்ல ஒரு அப்பன் இருந்தான்" என்றுதான் ஆரம்பிப்பார். அப்பனுக்கு இன்னா ஆசை, அப்பனுக்கு இன்னா பயம், அது முடிந்த பிறகுதான் பையன் வருவான். பாட்டு வரும் இடத்தில் பாடுவார். எல்லாப் பாட்டையும் இல்லை. சிலதை, "அங்க ஒரு பாட்டு, அது கெடக்குது" என்று தாண்டிவிடுவார். எந்தப் பாட்டு கதைக்கு வேண்டும் என்று அவரைக் கேட்டால் போதும், எந்த டைரக்டரும் தேவையில்லை.

முத்துராமன் கிழவராக வரும் இடத்தைச் சொன்னபோது, "நம்ம வள்ளிமலைக் கெழவன்தான், வேற யாரு" என்றார். திண்ணையே சிரித்தது. எனக்கு அப்போது புரியவில்லை. பெரியவளான பிறகு வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

வெளிநாட்டுச் சரக்கு என்கிற உங்கள் நண்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றி வள்ளிமலைக்குக் கூட்டிப்போங்கள். உங்களுக்குப் பக்கம்தானே. தினைப்புனத்தில் ஒருத்தி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். வேடனாக ஒருவன் வந்து வம்பு பேசுகிறான். அப்பன் நம்பிராஜன் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். நேற்று வரை இங்கே மரம் இல்லையே என்று கூட வந்தவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அப்பன் மறுபடி வந்ததும் கிழவனாகிவிடுகிறான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், தாகம் என்கிறான். அவள் சுனைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் காட்டினால், கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறான் கிழவன்! அவள் திட்டிவிட்டுக் கிளம்புகிறாள். உடனே அண்ணன் விநாயகனைக் கூப்பிடுகிறான், யானை வருகிறது, பயந்தவள் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். மாறுவேஷம், அப்பன் வரும் நேரத்தில் ஒளிவது, சமயத்தில் உதவுகிற ஆள், நடுநடுவே பாட்டு. கந்தபுராணத்தின் கடைசியில் கச்சியப்ப சிவாச்சாரியார் இதை எழுதிவைத்துவிட்டார். உங்கள் ஆங்கிலப் புத்தகக்காரர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

முருகனும் வள்ளியிடம்தானே பொய் சொன்னான் என்று மடக்குவீர்கள். சொன்னான். ஆனால் மேடையில் வள்ளி சும்மா இருக்கிறாளா? தர்க்கம் என்று ஒரு பகுதி வரும் பாருங்கள். அவன் ஒரு பாட்டு பாடினால் அவள் எதிர்ப்பாட்டில் மடக்குவாள். ஆர்மோனியக்காரர் வியர்த்துப்போவார். வள்ளி வேஷம் கட்டுகிற அம்மாவுக்கு வாய் இல்லையென்றால் அன்று நாடகம் படுத்துவிடும். உங்கள் பெண்ணுக்கு நான் கேட்பது அந்தத் தர்க்கத்தைத்தான். பிளாட்பாரத்தில் அவனை நிற்கவைத்து அவள் கேட்கட்டும். அவனுக்குப் பதில் வராமல் போகட்டும். அதைப் பாட்டாக்குங்கள்.

நம்பிராஜன் கதையும் இருக்கிறது. வள்ளி ஓடிப்போனதும் வேடர்கள் துரத்தி வருகிறார்கள். சேவல் ஒரு கூவல் கூவியதும் எல்லோரும் செத்து விழுகிறார்கள். சண்டைப் படமாக இருந்தால் அங்கே வணக்கம் போட்டுவிடலாம். இங்கே நாரதர் வந்து, பெற்றவர்களைக் கொன்றுவிட்டுக் கல்யாணமா என்கிறார். வள்ளியே அவர்களை எழுப்புகிறாள். எழுந்த நம்பிராஜன் ஊருக்குக் கூட்டிப்போய் முறைப்படி கல்யாணம் செய்து வைக்கிறார். செத்த அப்பனை எழுப்பியாவது சம்மதம் வாங்கியிருக்கிறார்கள், தம்பி. நீங்கள் உயிரோடு இருக்கிறவரைப் போனிலேயே வைத்திருக்கிறீர்கள்.

லுங்கிக் கடைக்காரரை வெளியே கொண்டுவாருங்கள். அவருக்கு ஒரு ஆசை கொடுங்கள். மாப்பிள்ளை லண்டனில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருக்கட்டும், பொய்யைப் பெண்ணும் பையனும் சேர்ந்தே தயாரிக்கட்டும். வீடியோ காலில் லண்டனைக் காட்டச் சொல்லி அவர் கேட்டால் என்ன செய்வார்கள்? வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் நின்று அதுதான் லண்டன் என்பார்களா? எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. கடைசியில் அவர் தோற்றுப்போகக் கூடாது. கொஞ்சம் முன்னாலேயே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

பாட்டு எத்தனை என்றால், ஐந்து வைத்துக்கொள்ளுங்கள், இசையமைப்பாளர் இரண்டைத் தூக்கிவிடுவார். எடுபடுமா என்று யாருக்கும் தெரியாது, அதை என்னிடம் கேட்காதீர்கள். திருத்தியதை அனுப்புங்கள், படிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். 60இல் இருந்து 72 வரை உங்கள் கட்டைவிரல்தான் தெரிகிறது.

அன்புடன்.