நான்கு பாட்டு, இரண்டு வார இறுதிகள்

அன்புள்ள ஐயா,

பிரிங் மீ தி ஹொரைசன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை 'ஆமோ' (2019) ஆல்பம் வழியாகத்தான் எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதால் அவர்களுடைய முதல் இபியை (சில பாட்டுகளே கொண்ட குறும் ஆல்பம்) தேடிக் கேட்டேன். நான்கு பாட்டிலும் பெரும்பாலும் அலறலும் உறுமலும்தான். 'ஆமோ'வில் பாடிய அதே ஆலிவர் சைக்ஸா இது? பாடக் கற்றுக்கொள்ளும் முன் செய்த பயிற்சி என்று ஒதுக்கிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

ஒதுக்காதீர்கள். 'திஸ் இஸ் வாட் தி எட்ஜ் ஆஃப் யுவர் சீட் வாஸ் மேட் ஃபார்' என்ற அந்த நீளத் தலைப்பிலேயே ஒரு விடலைத் துடுக்கு இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். 2004இல் ஷெஃபீல்டில் குழு தொடங்கியபோது சைக்ஸுக்கு 17 வயது. ஒரு வார இறுதியில் டிரம்ஸும் பாஸும், அடுத்ததில் கிட்டாரும் குரலும். மொத்தப் பதிவும் அவ்வளவுதான். தர்ட்டி டேஸ் ஆஃப் நைட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. விசிபிள் நாய்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் பிறகு மறுவெளியீடு செய்தது.

நீங்கள் பல்லவியைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அங்கே பல்லவியின் இடத்தில் இருப்பது பிரேக்டவுன். தலைதெறிக்க ஓடும் பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும். கிட்டார்காரர் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு அடிப்பார். ஒவ்வொரு அடியும், காலால் மிதிக்கும் பாஸ் டிரம்மோடு ஒன்றாக விழவேண்டும். இடையில் விடும் மௌனம்தான் அந்த அடிகளுக்குக் கனம். ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான முரட்டு ராக்கிலிருந்து, அதோடு மெட்டலைக் கலந்த மெட்டல்கோருக்கு வந்த சொத்து அது, கூட்டம் காத்திருப்பதும் அதற்காகத்தான். குரலும் அங்கே தாளத்தோடு சேர்ந்து அடிக்கத்தான் வருகிறது. உச்சியில் அலறிக்கொண்டிருக்கும் சைக்ஸ் அடித்தொண்டை உறுமலுக்குத் தாவும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பாடத் தெரியாதவரின் தடுமாற்றமாக எனக்கு அது கேட்டதே இல்லை.

குறை உண்டு. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) காதில் படியுமுன் இன்னொன்று முட்டிக்கொண்டு வருகிறது. கையில் இருந்ததையெல்லாம் நான்கே பாட்டுக்குள் திணிக்கும் அவசரம். ஆனால் 2006இல் வந்த முதல் முழு ஆல்பம் 'கவுண்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்' கேட்டு முடிக்கையில் என் காது களைத்துவிடுகிறது. இபியில் களைப்பு வருவதற்குள் பாட்டு தீர்ந்துவிடுகிறது. இந்த மூர்க்கத்துக்கு நான்கு பாட்டுதான் சரியான அளவு என்று நினைக்கிறேன்.

நீங்கள் விரும்பும் பாடும் குரல் முன்னுக்கு வந்தது 2013இன் 'செம்பிட்டர்னல்' ஆல்பத்தில், கீபோர்டுக்கு ஜோர்டன் ஃபிஷ் சேர்ந்த பிறகு. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் இபியில் உள்ள 'ட்ரெய்ட்டர்ஸ் நெவர் ப்ளே ஹேங்மேன்' பாட்டை இன்னொரு முறை, நல்ல ஹெட்ஃபோனில். வரிகளை விட்டுவிடுங்கள், பாஸ் டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள்.