காற்றாலை இறகுகளை உருக்கி மறுபடி வார்க்க முடியாதா?

முடியாது. காற்றாலை இறகு பெரும்பாலும் கண்ணாடி இழைகளை எப்பாக்சி பிசினில் ஊறவைத்து இறுக்கிய கலப்புப் பொருள். இழுவிசையை இழை தாங்க, இழைகளை இடம்பெயராமல் பிடித்து விசையைப் பகிர்ந்தளிப்பது பிசின். இறுகும்போது பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் சகப்பிணைப்புகளால் குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடுவதால், எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகாமல் சிதைந்து கருகிவிடும். பிசினை எரித்து இழையை மீட்கலாம். ஆனால் அந்தச் சூட்டிலேயே கண்ணாடி இழை தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் ஆய்வு, 2011இல் பாரிஸில் லூட்விக் லீப்லர் குழுவினர் அறிவித்த, விட்ரிமர் என்ற புதுவகைப் பிசின். எப்பாக்சியுடன் கார்பாக்சிலிக் அமிலத்தையும் துத்தநாக வினையூக்கியையும் சேர்த்து இறுக்கியபோது, அமிலமும் எப்பாக்சியும் சேர்ந்து உருவாக்கிய எஸ்டர் பிணைப்புகள் சூட்டில் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொண்டன. பிணைப்புகளின் மொத்த எண்ணிக்கை குறையாததால் வலை அறுபடவில்லை, ஆனாலும் பொருள் சூடான கண்ணாடியைப் போலப் படிப்படியாக இளகி, புதிய வடிவத்தை ஏற்றது.

அதே இடமாற்றம் சாதாரண வெப்பநிலையில் சிறிதளவு நடந்தாலும், இருபது ஆண்டுகள் சுமை தாங்கும் இறகு மெல்ல நீண்டு வளைந்துவிடும் என்பதால், இறகு இயங்கும் வெப்பநிலையில் பிணைப்புகளை உறையவைப்பதே இன்றைய ஆய்வுகளின் கடினமான பகுதி.